அப்பாவுக்கு மிஞ்சிய சொல்

நான் படிக்கும் ஸ்பீச் தெரபி வகுப்பில் போன வாரம் மேடம் சாதாரணமாகச் சொன்ன ஒரு விஷயம் என் காதை அடைத்துவிட்டது. பக்கவாதத்தில் பேச்சு போனவர்களில் சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் தங்கிவிடுமாம். பசித்தாலும் அதுதான் வரும், வலித்தாலும் அதுதான். உள்ளே நினைவு தெளிவாகவே இருக்கும். பேச்சுப் பயிற்சி தருபவர் அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அத்தனை கோபம்.

எங்கள் அப்பாவுக்குத் தங்கிய சொல் 'சாமி'.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது, லாரி டிரைவரான அப்பா ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நாமக்கல் வீட்டுக்கு வந்தபின் ஒரு பிசியோதெரபி அண்ணன் வந்து, சுவரைப் பிடித்து நடக்க வைத்தார். பேச்சு மட்டும் வரவில்லை. எதைக் கேட்டாலும் 'சாமி, சாமி'. வீடே உருகிப்போனது. செத்துப் பிழைத்தவர் கடவுளைக் கண்டுவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பிள்ளைகளைக் கூப்பிடுவதும் 'சாமி' என்றுதான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

பிசியோ அண்ணன் ஒருநாள் பெரியப்பாவிடம் சொன்னார்: "நான் நடக்கத்தான் பழக்குவேனுங்க. பேச்சுக்குத் தனியா தெரபிஸ்ட் இருக்காங்க. சட்டைப் பொத்தான் போட, சோறு அள்ளப் பழக்கறதுக்கு வேற ஒருத்தர்."

"ஏனுங்க, ஒரு ஆளுக்கு எத்தன தெரபிங்க?" பெரியப்பா சிரித்தார். "நடந்துட்டான், போதும். பேச்சு தானா வருமுங்க. அவனென்ன கைக்கொழந்தையா, அம்மா ஆடுன்னு சொல்லித்தர?"

இதைச் சொன்னவர் வைத்திருப்பது லாரி பாடி கட்டும் பட்டறை! அங்கே வெல்டிங் ஆள் வயரைத் தொட்டால் கத்துவார். பெயிண்டரை மரவேலைப் பக்கம் விடமாட்டார். ஒரு லாரிக்கு அத்தனை பேர் வேண்டும். என் அப்பாவுக்கு ஒருவர் போதும்.

"ஒருக்கா வரச் சொல்லிப் பாக்கலாமுங்க மாமா" என்று அம்மா இழுத்தாள்.

"கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ புள்ள. அவனே சாமி சாமிங்கறான்."

போனோம். மலை மலையாகப் போனோம். திருச்செங்கோட்டில் வரிசையில் நிற்கும்போது அப்பா முகம் சிவக்க "சாமீ!" என்று அலறினார். முன்னால் நின்றவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மூத்திரம் வந்ததைத்தான் சொன்னார் என்பது வேட்டி நனைந்தபின்தான் தெரிந்தது. அப்போதும் யாரும் யோசிக்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்துக் கை நீட்டி 'சாமி' என்றால், நான் ஓடிப்போய்த் திருநீற்றுத் தட்டை எடுத்து வருவேன். நெற்றி நிறையப் பூசிவிடுவேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டு, மறுபடி என்னையே பார்த்துச் சொல்வார். பக்தி முற்றினால் திருநீறுகூட வேண்டாம்போல என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். இத்தனை வருடம் கழித்துப் பேச்சு முழுதாக வராது என்று அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். சில சொற்கள் வரலாம், படத்தைத் தொட்டுக் காட்டப் பழகலாம். ஞாயிற்றுக்கிழமை என்னோடு அவரும் ஊருக்கு வருகிறார். தண்ணீர், சோறு, கக்கூஸ், வலி, லாரி எல்லாம் அட்டையில் வரைந்துவிட்டேன்.

"இப்ப என்ன சாமி புதுசா?" என்றார் பெரியப்பா போனில்.

"வயரிங் ஆளு வாராங்க பெரியப்பா" என்றேன்.

கடைசி அட்டையில் என் முகம். அப்பா 'சாமி' என்றதும் அதைத்தான் முதலில் அவர் முன்னால் வைக்கப்போகிறேன்.