சனிக்கிழமைகளில் வீட்டில் இராத செற்றி

“ஏன் பிள்ளை, செற்றி உடையுமோ உடையாதோ எண்டு பாக்கிறதுக்கும் ஒரு யூனிவர்சிட்டி இருக்கோ?” என்று பெரியப்பா கேட்டார். கேட்டுவிட்டுத் தேநீரை ஒரு மிடறு குடித்தார். கேலி செய்யக் கேட்டதல்ல. அவருக்கு உண்மையாகவே சந்தேகம். செற்றி என்றால் எங்கள் ஆட்களுக்குச் சோபா. நான் பள்ளிக்கூடம் முடித்த கோடையில், ஜெர்மனியின் மறு மூலையில், டிரெஸ்டனில் மரத் தொழில்நுட்பம் படிக்க இடம் கிடைத்திருந்தது. மரம் எப்படி வளைகிறது, பசை எதைப் பிடிக்கிறது, ஒரு கதிரை எவ்வளவு காலம் மனிதரைத் தாங்கும் என்பதையெல்லாம் படிக்கிற படிப்பு. பெரியப்பா அதைத் தன் பாணியில் சுருக்கியிருந்தார்.

அம்மா ஓம் என்றால் தானும் ஓம் என்று சொல்லி அப்பா ஒதுங்கிக்கொண்டார். அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெரியப்பா போனபிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி ஒன்று மட்டும் சொன்னார்.

“நான் இவ்வளவு காலமும் செற்றி துடைச்சது, நீயும் செற்றியோட நிக்கிறதுக்கோ?”

அம்மாவின் ஓம் இல்லாமல் நான் டிரெஸ்டனுக்குப் போகமாட்டேன் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

அம்மா ஊரில் ஐந்தாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர். அப்பா அதையும் முடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில், இரண்டு பக்கத்திலும் சேர்த்து, பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை போய்ப் பார்த்து வந்தவள் நான்தான். இதை எழுத எனக்குக் கூச்சம் ஏதும் இல்லை. பிராங்பேர்ட்டில் ஏதாவது ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், உயரத்தில், நான் ஒரு மேசைக்குப் பின்னால் இருப்பதை அம்மா வெகுகாலமாக மனதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தில் தூசி துடைக்கிற துணி எங்கும் இல்லை.

செற்றியைப் பற்றிச் சொன்னால்தான் அம்மாவின் கேள்வி விளங்கும். அது எசன் நகரில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்தது. ஆனால் எங்களுடையது போல ஒருநாளும் தோன்றியதில்லை. வெள்ளைத் தோல். முதுகுப்பக்கம் மயில் தோகை விரித்ததுபோல உயர்ந்து நிற்கும். கால்களுக்கு அப்பா தன் கையாலேயே பொன்வண்ணம் பூசியிருந்தார். கலியாண வரவேற்புகளுக்கும், பெண் பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீடுகளுக்கும் வாடகைக்குப் போகிற செற்றி அது. கிழமை நாட்களில் அப்பா ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் அதைத் தன் வான் வண்டியில் ஏற்றி மண்டபம் மண்டபமாகக் கொண்டுபோனார். வைக்க வேறு இடம் இல்லாததால் மற்ற நாட்களில் அது எங்களோடு குடியிருந்தது.

பிள்ளைகள் உள்ள வீட்டில், செற்றியில் ஏறிக் குதிக்காதே என்று சொல்வது புதினமில்லை. எங்கள் வீட்டில் சட்டம் குதிப்பதற்கு வெகு தூரம் முன்பாகவே தொடங்கிவிடும். எண்ணெய் வைத்த தலையை அதில் சாய்க்கக் கூடாது. ஜீன்ஸின் பின்பையில் உலோகக் குமிழ் இருந்தால் கிட்டவே போகக் கூடாது. பேனையோடு அறையைக் கடப்பதென்றால், பேனை பிடித்த கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கடக்கவேண்டும். வெள்ளிக்கிழமை அம்மா துடைத்து முடித்த பிறகு, பார்க்கலாம்; அவ்வளவுதான்.

“அப்ப இது ஆர் இருக்கிறதுக்கு அம்மா?” என்று ஒருமுறை தங்கச்சி கேட்டாள்.

“பொம்பிளை மாப்பிள்ளைக்கு.”

தங்கச்சி, அப்படியென்றால் தான் பொம்பிளையாகும்வரை நிலத்திலேயே இருப்பதாகச் சொன்னாள். அப்படியேதான் இருந்தாள்.

சாதாரண நாட்களில் அதன்மேல் ஒரு படுக்கை விரிப்பு போர்த்தியிருக்கும். மாலையில், விளக்குப் போடுமுன் அந்த அறைக்குள் போனால், ஏதோ பெரிய பிராணி படுத்து உறங்குவதுபோல இருக்கும். நாங்கள் அதன் முன்னால் நிலத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்வோம். அறை சூடாகத் தொடங்கும்போது தோல் மெல்ல முனகும். அது கனவு காண்கிறது என்று தங்கச்சிக்குச் சொல்லிவைத்திருந்தேன். என்ன கனவு என்று அவள் கேட்பாள். பூவும் வெளிச்சமுமாக ஒரு மண்டபம், நடுவில் தான் மட்டும், ஒருவரும் இன்னும் வரவில்லை என்று சொல்வேன்.

அது எங்களைவிட அதிகம் ஊர் சுற்றியது. தமிழ்ப் பள்ளிச் சிநேகிதிகளின் வீடுகளுக்குப் போனால், சுவரில் பெரிதாக மாட்டிய படங்களில் அதைக் கண்டுவிடுவேன். முன்பின் தெரியாத மணமக்கள், அவர்களுக்குப் பின்னால் எங்கள் வீட்டு வெள்ளைத் தோகை. அந்த வீட்டார் என்னை இருக்கச் சொல்வார்கள். நான் படத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

சனிக்கிழமை காலையில் அப்பாவும் அவருடைய சிநேகிதரும் அதைச் சரித்துச் சரித்துப் படிகளால் இறக்குவார்கள். ஒரு குளிர்காலத்தில் வானின் பின்கதவு உறைந்துபோய்த் திறக்கமாட்டேன் என்றது. செற்றி தெருவோரம் நின்றது. பனி பெய்துகொண்டிருந்தது. வெள்ளைமேல் வெள்ளை விழ விழ, பொன் கால்கள் மட்டும் தெரிந்தன. முன்வீட்டு முதியவர் நாயோடு வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்; பிறகு தொப்பியைக் கழற்றி அதற்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் யன்னலில் நின்று பார்த்தோம். நாய் இருக்கவே இல்லை என்று தங்கச்சி இன்றைக்கும் சொல்கிறாள். முதியவரைப் பற்றி அவளுக்குச் சந்தேகமில்லை.

செற்றி போனால் சட்டமும் அதோடு வானில் ஏறிவிடும். அறை திடீரென்று பெரிதாகும். கம்பளத்தில் அதன் கால்கள் அழுத்திய பள்ளங்கள் மட்டும் மிஞ்சும். அம்மாவே படுக்கையறையிலிருந்து மெத்தைகளை இழுத்து வந்து போடுவார். “இனிக் குதியுங்கோ,” என்பார். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் வேறொருவருடையது போல இருக்கும். குதிப்போம். யன்னல் ஏறும், இறங்கும். தங்கச்சியின் பின்னல் அவளைவிடக் கொஞ்சம் பிந்தி மேலே போகும், பிந்தி இறங்கும்.

மதியம் வந்தால் நிறுத்தவேண்டும். கீழ்வீட்டுக்காரருக்கு ஓய்வு நேரம். இந்த நாட்டில் அதுவும் ஒரு சட்டம், கட்டடத்தின் வாசலிலேயே எழுதித் தொங்கும். அந்த நேரத்துக்கு நாங்கள் வேறொரு விளையாட்டு வைத்திருந்தோம். மெத்தைகளில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல் குதிப்போம். ஒருத்தி குசுகுசுக்கும் குரலில் எங்கே நிற்கிறேன் என்று சொல்லவேண்டும். மற்றவள் அதைவிட உயரப் போகவேண்டும். கூரைக்கு மேலே, தேவாலய மணிக்கு மேலே, சுரங்கக் காலத்து இரும்புக் கோபுரத்துக்கும் மேலே. அங்கிருந்து பார்த்தால் அப்பாவின் வான் நெடுஞ்சாலையில் சின்னப் புள்ளியாகப் போகும். அதற்குள் செற்றி உறங்கும். எப்போது நித்திரையானோம் என்று தெரியாது. கண் விழிக்கும்போது, மிக உயரத்திலிருந்து மெதுவாக இறக்கி வைக்கப்பட்டதுபோல உடம்பு கனக்கும்.

பன்னிரண்டு வயதளவில் என்னையும் மண்டபத்துக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார்கள். அம்மாவோடு சேர்ந்து செற்றியைத் துடைப்பதற்கு. அங்கேதான் அந்தப் புதினத்தைக் கண்டேன். படமெடுப்பு முடிந்து பெரியவர்கள் சாப்பாட்டுக்குப் போனதும், வந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் செற்றியில் ஏறினார்கள். சப்பாத்தோடு ஏறினார்கள். கைப்பிடியில் நின்று, சரிந்து, ஒருவரை ஒருவர் தள்ளிக் குதித்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். பேனைக்குக் கை தூக்கவைத்த அம்மா, மேடையின் ஓரத்தில், துணியை மடித்துப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு நின்றார்.

உள்ளே எங்கேயோ டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. செற்றி ஒரு பக்கம் சாய்ந்தது. பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அம்மா அந்தக் கொண்டாட்டத்தின் வீட்டுக்காரப் பெண்ணிடம் போய், “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, கொஞ்சம் பழசு,” என்று சொன்னார். வானில் திரும்பும்போது நான் கோபத்தோடு கேட்டேன், ஏன் அந்தப் பிள்ளைகளைப் பேசவில்லை, ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை என்று.

“அது அவையின்ர நாள். துடைக்க வந்த ஆக்கள் வாய் திறக்கேலாது,” என்றார் அம்மா.

அடுத்த நாள் அப்பா அதைக் கவிழ்த்துப்போட்டு அடித்துணியைக் கிழித்தார். நான் டோர்ச் பிடித்தேன். வெள்ளையும் பொன்னும் வெளியே மட்டுந்தான். உள்ளே சீவாத மலிவுப் பலகைகள், காய்ந்து மஞ்சளாகிப்போன பசை, கம்பி ஆணிகள். மணமக்கள் எல்லோரும் இதன்மேல்தான் இருந்தார்கள். கைப்பிடியும் மரச்சட்டகமும் சேரும் இடத்தில் ஒரு பலகை நீளவாக்கில் பிளந்திருந்தது. பிளந்த இடம் மட்டும் புதிதாக, வெளிறி, பிசின் வாசத்தோடு இருந்தது. ஏன் இந்த இடத்தில், ஏன் இப்படிக் கோணலாக என்று அப்பாவைக் கேட்டேன். உடைகிற இடம் உடையும் என்று சொல்லிவிட்டு ஆணியைத் தேடினார். அது எனக்குப் போதவில்லை. மண்டபத்தில் கொண்ட கோபம் அந்தப் பிளவைப் பார்க்கப் பார்க்க வேறொன்றாக மாறிக்கொண்டிருந்ததை, டோர்ச் வெளிச்சத்துக்குள்ளேயே உணர்ந்தேன்.

ஆகவே நான் செற்றியோடு நிற்கப் போகவில்லை, அதற்குள்ளே பார்க்கத்தான் போகிறேன். ஆனால் இதை அம்மாவுக்கு எந்தச் சொல்லில் சொல்வது? ஜெர்மனில் படித்ததை என்னால் தமிழில் பிசையமுடியவில்லை. அந்தக் கோடையில் டிரெஸ்டனில் ஆய்வுகூடங்களைப் பார்வையாளருக்குத் திறந்துவிடும் நாள் ஒன்று இருந்தது. ஒருக்கா வந்து பாருங்கோ, பிறகு ஏலாது என்றால் ஏலாது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா வழிச் சாப்பாட்டுக்குக் கிழங்கு வைத்த ரோல்ஸ் சுற்றிப் பொரித்து எடுத்துக்கொண்டு என்னோடு ரயில் ஏறினார். நாடு முழுவதையும் குறுக்கே கடந்தோம். வயல்களும் காற்றாலைகளும் நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவே போயின.

ஆய்வுகூடத்தில் மரத்தூள் வாசம். ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தனியாக ஒரு செற்றி நின்றது, சாம்பல் நிறம். அதன் மேலே ஓர் இயந்திரம். உருண்டையான கனத்த கட்டை ஒன்று மேலே போய், ஒரு கணம் நின்று, இருக்கையில் இறங்கியது. மறுபடியும் மேலே போனது. அவசரமில்லை, களைப்பில்லை. தடுப்புக்கு முன்னால் போய் நின்ற அம்மா அங்கிருந்து நகரவே இல்லை. மற்றப் பார்வையாளர்கள் வந்து பார்த்துவிட்டு அடுத்த இயந்திரத்துக்குப் போனார்கள். அம்மாவின் தலை, அவருக்குத் தெரியாமலே, கட்டையோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் அம்மா என் பக்கம் திரும்பாமலே கேட்டார், “இப்பிடிக் குதிக்கிறதை ஒருத்தரும் பேசமாட்டினமோ?”

பக்கத்தில் நின்ற ஆய்வுகூடப் பெண்ணுக்கு அதை ஜெர்மனில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, உடையாமல் இருந்தால்தான் தங்களுக்குப் பொறுமை போகும் என்றார். பிறகு முந்தின செற்றியின் உடைந்த துண்டை எடுத்து வந்து, முறிவைக் காட்டி, இழை எந்தத் திசையில் போகிறது, பசை எங்கே கைவிட்டது என்று விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன். அவர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா மரத்தைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் ரயிலில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா மடியில் ரோல்ஸ் பெட்டியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார்.

“அங்க அவ்வளவு உடைஞ்சு கிடக்கு. ஒருத்தரும் ஒருத்தரிட்டையும் மன்னிப்புக் கேக்கேல்லை.”

“ஓம் அம்மா.”

“நீ கதைக்கேக்க அந்த மனுசி நிண்டு கேட்டது.”

வளைவில் சரிந்த பெட்டியை நான் பிடித்து அவர் மடியில் நேராக வைத்தேன்.

“சரி, போய்ப் படி. ஆனா அந்த மெஷினுக்குக் கிட்ட நிக்காத, கையைக் கிய்யை வைச்சிடுவாய்,” என்றார். பெட்டியைத் திறந்து, ஆறிப்போன ரோல்ஸில் ஒன்றை என் கையில் வைத்தார்.

படித்து முடித்துவிட்டேன். என் பெயருக்கு முன்னால் பொறியியலாளர் என்று எழுதுகிறார்கள். அப்பாவும் இப்போது வான் எடுப்பதில்லை. எசன் வீட்டில் இருப்பது எல்லோரும் இருக்கக்கூடிய ஒரு சாதாரணச் செற்றி. அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தளபாட நிறுவனத்தில் எனக்கு வேலை தருவதாகவும் சொன்னார்கள். நான் போகவில்லை. இயந்திரங்கள் நேர் மேலிருந்து கீழே இறங்குகின்றன. பிள்ளைகள் அப்படிக் குதிப்பதில்லை. கைப்பிடியில் ஏறி, பக்கவாட்டில் உதைத்து, வளைந்து பறக்கிறார்கள். அந்த உதை மரப் பொருத்துக்குள் எங்கே போய்ச் சேர்கிறது என்பது இன்னும் சரியாகத் தெரியாது. அதைத்தான் முனைவர் பட்டத்துக்கு எடுத்திருக்கிறேன். இந்த முறை வீட்டில் கேட்கவில்லை, தொலைபேசியில் சொன்னேன். எத்தனை வருடம் என்று அம்மா கேட்டார். சொன்னேன். சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார்.

போன கிழமை பீச் மரத்தில் முதல் துண்டுகளை வெட்டினேன். வெட்டியவுடன் சோதிக்கமுடியாது, அறையின் காற்றோடு மரத்தின் ஈரம் சமனாகும்வரை காத்திருக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் பென்சிலால் என் பெயரின் முதலெழுத்தை எழுதி, ஒன்றையொன்று தொடாமல் தட்டில் அடுக்கி, கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறேன்.