இராஜம்மா செய்யாத சத்தியம்

இராஜம்மாவின் உலகத்தில் இரண்டே ஆண்கள். ஒருவர் கூடப்பிறந்த அண்ணன் தம்புசாமி, கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். மற்றவர் கணவர் நாகையா, போர்ட் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் மீன்கடைகளுக்குப் பிக்கப்பில் ஐஸ் கட்டி ஏற்றிப் பிழைப்பவர். இருவரும் முகம் கொடுத்துப் பேசி எட்டு வருஷம் ஆகியிருந்தது. கல்யாண மேடையில் தம்புசாமி மைத்துனன் மோதிரம் போட்டபோது, நாகையா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பவுனா, பித்தளையா மச்சான்?" என்று கேட்டுவிட்டார். பந்தலே சிரித்தது. தம்புசாமி சிரிக்கவில்லை.

எண்பத்து நாலாம் வருஷம் பிக்கப்பின் பெட்ரோல் எஞ்சின் செத்தது. ஐஸ் வண்டி ஒரு வாரம் நின்றால் கடைக்காரர்கள் வேறு வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள். இராஜம்மா அண்ணனிடம் போய் அழுதாள். அவரும் ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து மூன்றே நாளில் பூட்டினார். சாவியை மட்டும் தங்கை கையில்தான் கொடுத்தார்.

எஞ்சின் யானை போல இழுத்தது. பிரேக்தான் கல்லாக இருந்தது. வெறும் வண்டியை நிறுத்தவே நாகையா எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருந்தது.

இராஜம்மா பட்டறைக்கு ஓடினாள்.

"அண்ணே, பிரேக்கு மிதிக்கவே முடியலங்கிறாரு."

"முடியாதுதான். பெட்ரோல் எஞ்சின் காத்தை உறிஞ்சும். அந்த இழுப்புதான் பிரேக்குக்குத் துணை. டீசல்ல அது கிடையாது. தனியா ஒரு பம்ப்பு வைக்கணும்."

"வைக்கலியா?"

"அலமாரியில கெடக்கு. அரை மணி வேலை. மாப்பிள்ளையை வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொல்லு."

வீட்டில் நாகையா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டார். "மாப்பிள்ளை போய் மச்சான்கிட்ட கையேந்தணுமா? காலு பழகிடும் லா."

"வேற பட்டறையிலயாச்சும் காட்டுங்க."

"காட்டினா, சொந்த மச்சானே இவனை ஏமாத்திட்டான்னு கிள்ளானே சிரிக்கும். சோத்தைப் போடு."

விடிந்தால் ஒன்றரை டன் லோடு. அந்தியில் அவள் மறுபடி அண்ணன் முன்னால் போய் நின்றாள். வாழ்நாளில் முதன்முறையாகப் பொய் சொன்னாள்.

"அவரு கேட்டாரு அண்ணே. வெக்கப்பட்டுக்கிட்டு என்னை அனுப்பினாரு."

தம்புசாமி அவள் கண்ணையே பார்த்தார். "தாலியைத் தொட்டுச் சொல்லு. இப்பவே பூட்டித் தரேன்."

அவள் கை கழுத்துவரை போயிற்று. தாலியைப் பிடித்துப் பொய்ச் சத்தியம் செய்தால் புருஷன் உயிருக்கல்லவா ஆகாது? கையைக் கீழே இறக்கிவிட்டாள். தம்புசாமி பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

மறுநாள் காலை பங்சார் இறக்கத்தில், முன்னால் நின்ற பஸ்ஸை இடிக்காமலிருக்க நாகையா வண்டியைச் சுவரில் மோதினார். கனத்த டீசல் எஞ்சின் பின்னுக்கு வந்து அவர் கால்மேல் உட்கார்ந்தது. வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

நாலாம் நாள் தம்புசாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். இராஜம்மா கட்டிலுக்கும் அண்ணனுக்கும் நடுவில் போய் நின்றாள். அண்ணன் வந்து கணவரின் காலில் விழுந்து கதறுவார், கணவர் காறித் துப்புவார் என்று நினைத்தாள். இரண்டும் நடக்கவில்லை. தம்புசாமி அவளை விலக்கிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தாலியைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லுன்னேன் மாப்பிள்ளை. வாயடைச்சு நின்னா. சொல்லியிருந்தா அப்பவே பூட்டியிருப்பேன்."

நாகையா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா மச்சான்? இவ என்கிட்ட சொல்லவே இல்லியே."

எட்டு வருஷத்துப் பேச்சையும் அந்த ஒரு மாலையில் இருவரும் பேசித் தீர்த்தார்கள். தேநீர் வாங்கி வர அவளை அனுப்பினார்கள்.

இப்போது பிக்கப்பைத் தம்புசாமியின் ஆள் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மச்சானும் மாப்பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கால் எப்படிப் போயிற்று என்று யாராவது கேட்டால், நாகையா, பரிமாறுகிற இராஜம்மாவின் கையைத்தான் காட்டுவார். தம்புசாமி தலையாட்டுவார். அந்தக் கை குழம்பை ஊற்றிக்கொண்டே இருக்கும்.