வெங்காயம் உரித்த பிரேக்

பிரேக் வேலை செய்கிறவனின் பிழை அவனுடைய காலில் தட்டுப்படாது. மிதிக்கிறவனின் காலில்தான் தட்டுப்படும். யாழ்ப்பாணத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டி, புகையில் இருமி, என்னைப் போன்றவர்களை நம்பித் தெருவில் இறங்கிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெரிய சிலிண்டர்

சுன்னாகத்தில் என் கராஜ். வெங்காய முதலாளி சிவக்கொழுந்தரிடம் நாலு சில்லும் இழுக்கிற ஜீப் ஒன்று இருந்தது. மூட்டை ஏற்றினால் மிதித்த இடத்தில் நிற்காது. யோசித்து யோசித்து அடுத்த ஒழுங்கையில் நிற்கும். கழித்துவிட்ட லொறியொன்றின் பெரிய பிரேக் சிலிண்டர்களைக் கழற்றி அதன் முன்சில்லுகளுக்குப் பூட்டினேன். வாய் சும்மா இருக்குமா? "இனி மிதிச்சுப் பாருங்கோ, மூட்டைக்குள்ளை வெங்காயம் தானாத் தோலுரிஞ்சு நிக்கும்" என்றேன்.

ஜீப்பை ஓட்டுகிறவர் குருநகர் அருளப்பு. கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு, மூன்று பிள்ளைகளின் சோற்றுக்காக ஸ்டியரிங் பிடித்தவர். அவர் சொன்னார்: "உரிக்க வேண்டாம் அண்ணை. நிண்டாப் போதும்."

மார்கழிப் பனி

பிரேக் எண்ணெயை அப்போது கண்ணாலும் காணமுடியாது. ஆமணக்கெண்ணெயில் சமாளிப்பதுதான் வழக்கம். அதைத் தேடித் திரிய எனக்குப் பஞ்சி, உடம்பு வளையவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டுத் தேங்காயெண்ணெயை ஊற்றிவிட்டேன்.

மார்கழியில் ஒரு விடியற்காலை, சந்தைக்கு வந்த ஜீப் நிற்காமல் முதலாளியின் வெங்காயக் குவியலிலேயே ஏறியது. வெங்காயம் மெய்யாகவே தோலுரிந்தது. அருளப்புவின் நெற்றியும் உரிந்தது. பெடல் கல்லாய் இறுகிப் போனதென்று அவர் சத்தியம் பண்ணினார். மத்தியான வெயிலில் முதலாளி தானே ஓட்டிப் பார்த்தார். பிரேக் அச்சொட்டாய்ப் பிடித்தது. பனியில் உறைந்த எண்ணெய் வெயிலில் உருகிவிட்டது என்று எனக்கு அப்போதே விளங்கியது. ஆனாலும், "என்ரை வேலையிலை பிழையில்லை" என்றேன். முதலாளி ஜீப் சாவிக்காக அருளப்புவிடம் கையை நீட்டினார்: "நித்திரை கொண்டது நீ, பழி பிரேக்குக்கோ? திறப்பைத் தா!"

உண்மை சொன்ன காலமை

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் விடியவே முதலாளி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தார். என் பழைய புளுகுகளுக்கெல்லாம் தலையாட்டிய மனிதர், இந்த ஒன்றை மட்டும் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து, எங்கள் கதை ஒன்றும் அறியாத அவர் மனைவி, விரித்த தலையோடு ஒரு போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தபடி வெளியே வந்தார். ஒரு சொட்டும் விழவில்லை. "இஞ்சாருங்கோ, எண்ணெய் கட்டியாக் கிடக்கு. வெயில் வந்தாத்தான் தலைக்கு வைக்கலாம்."

சிரிப்பு நின்றது. அன்றைக்கே அருளப்புவைக் கூப்பிட்டுத் திறப்பைக் கொடுத்தார். நான் அளவெட்டி வரை சைக்கிள் மிதித்து ஆமணக்கெண்ணெய் தேடிவந்து, எல்லாவற்றையும் கழுவி மாற்றினேன். நெற்றிக் கட்டோடு ஜீப் எடுக்க வந்த அருளப்புவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார். "அதை விடுங்கோ அண்ணை. நான் ஓட்டிப் பாக்கிறன், நீங்கள் முன்னாலை போய் நில்லுங்கோ."

ஜீப் என் முழங்காலுக்கு நாலு விரல் தள்ளி நின்றதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், ஆனால் அது புறப்படுவதற்கு முன்பே நான் மதிலில் ஏறிவிட்டிருந்தேன்.