பள்ளிக்கூட வாசலில் நூர்ஜஹான் ராத்தா

செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. வெயிலுக்குத் துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு மகளுக்காகக் காத்திருக்கையில் ஊரிலிருந்து போன். நூர்ஜஹான் ராத்தாவின் கணவர் பேசினார். மூத்த மகனின் நிக்காஹ்வுக்காகக் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார்கள். "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதும்மா. எல்லாரையும் சாப்பிட வச்சுட்டு கடைசிப் பந்தியில அவளும் உக்காந்து சாப்பிட்டா. செத்த நேரம் படுக்குறேன்னு போனா. எந்திரிக்கல" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. கதவு திறந்து பிள்ளைகள் கூச்சலும் சிரிப்புமாக என்னைச் சுற்றி ஓடினார்கள். நான் நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தேன். ராத்தா பக்கத்தில் இருந்திருந்தால் நிச்சயம் ஓர் அதட்டல் போட்டிருப்பார். "அழுகைய அப்புறம் பாத்துக்கலாம் புள்ள, பிள்ளைங்க வெளிய வருது, அதப் பாரு!" என்றிருப்பார். அதனால் கண்ணைத் துடைத்துவிட்டு, அவர் பழக்கியபடியே பிள்ளைகளைப் பார்த்தேன்.

அல் ஐனில் அவரை அறிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த அமீரகத்து ஊரின் கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவரின் மனைவி. மூன்று பிள்ளைகளின் தாய், எங்களுக்கெல்லாம் ராத்தா, அதாவது அக்கா. அந்த மூன்று பேரையும் மூன்று வெவ்வேறு பள்ளிக்கூடங்களில் போட்டவர். காலையில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே மூன்று பேருந்துகள் முன்னும் பின்னுமாக வந்து ஹாரன் அடிக்கும். ராத்தா மூன்று விதச் சீருடைகளோடு படியிறங்கி வருவார். ஒரு நாள் அவசரத்தில் ஒருவன் டையை இன்னொருவன் கழுத்தில் மாட்டி அனுப்பிவிட்டு, பேருந்தின் பின்னாலேயே ஓடியதை நாங்கள் பால்கனியிலிருந்து பார்த்துச் சிரித்திருக்கிறோம். "எதுக்கு ராத்தா இந்தக் கூத்து? எல்லாத்தையும் ஒரே ஸ்கூல்ல போட்டா என்ன?" என்று கேட்காத ஆள் கிடையாது. துணிக்கடைக்காரர் மனைவி அல்லவா, பதில் தயாராக இருக்கும்: "மூணு பேருக்கும் ஒரே அளவுல சட்டை எடுப்பியா நீ?"

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஒரு சண்டையால்தான். சண்டை எனக்கும் என் கணவருக்கும். மகள் ஆஃப்ரினுக்கு நான்கு வயது ஆகப்போகிறது, பள்ளியில் சேர்க்க வேண்டும். இஸ்லாமியப் பள்ளியில்தான் சேர்ப்பேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அங்கே குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பார்கள், தொழுகைக்கு நேரம் விடுவார்கள், அரபியும் வரும். ஆனால் தமிழ் கிடையாது. எனக்குத் தமிழ் இருக்கிற இந்தியப் பள்ளிதான் வேண்டும். அவருக்கு ஒரு பயம்: இந்தப் பளபளப்புக்கு நடுவே வளர்கிற பிள்ளை மார்க்கத்தை மறந்துவிடுவாள். எனக்கு ஒரு பயம்: நான் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறவள். என் வயிற்றில் பிறந்தவளே என் எழுத்தில் ஒரு வரி வாசிக்காமல் வளர்ந்துவிடுவாள். இரண்டுமே நியாயமான பயம் என்பதால் இரண்டு பேருமே இறங்கி வரவில்லை. சத்தம் சுவரைத் தாண்டிப் போயிருக்கிறது.

ஒரு மாலை கதவைத் தட்டிக்கொண்டு பக்கத்து வீட்டிலிருந்து ராத்தா வந்தார். கையில் மூடிபோட்ட பாத்திரம். அதற்கு முன் லிஃப்டில் சலாம் சொன்னதோடு சரி. வந்தவர் உட்காரக்கூட இல்லை. "ரெண்டு பேரும் அந்த ஸ்கூல்களப் பாத்திருக்கீங்களா, இல்ல சும்மா கத்துறீங்களா?" என்றார்.

"பாத்தேன் ராத்தா. ஆபீஸ்ல போயி ப்ராஸ்பெக்டஸ்கூட வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றார் என் கணவர்.

"அதுல புள்ளைங்க சிரிக்கிற படம் இருக்குமே! அது கேமராக்காரன் சிரிக்கச் சொல்லி எடுத்தது தம்பி. ஆபீஸ் சோபா எல்லா ஸ்கூல்லயும் மெத்துனுதான் இருக்கும். ஸ்கூலப் பாக்கணும்னா விடுற நேரத்துக்கு வாசல்ல போயி நிக்கணும்."

இதுதான் ராத்தாவின் முறை. அல் ஐனில் அவர் நிற்காத பள்ளிக்கூட வாசல் இல்லை. காவலாளிகளுக்கெல்லாம் அவரைத் தெரியும். மணி அடித்ததும் பிள்ளைகள் பேசிக்கொண்டு வருகிறார்களா, வாயை மூடிக்கொண்டு வருகிறார்களா என்று பார்ப்பார். வாசலில் நிற்கிற டீச்சர் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, "ஏய்" என்கிறாரா என்று காது கொடுப்பார். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விஷயம் உண்டு. "முதல்ல ஓடி வர்ற புள்ளயப் பாத்து ஏமாந்துறாதே. அது எந்த ஸ்கூல்லயும் சிரிச்சுக்கிட்டுத்தான் வரும். கடைசியா வர்ற புள்ளயப் பாரு" என்பார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குக் கைகொடுக்கலாம்.

"சரி, அந்தத் தமிழ் ஸ்கூலுக்கே போவோம் ராத்தா" என்று நான் கிளம்பினேன். "பிடிச்ச எடத்துக்குப் போயி என்னத்தப் பாக்கப்போறே? உனக்குப் பிடிக்காத எடத்துக்கு வா" என்று மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு போனது இஸ்லாமியப் பள்ளிக்கு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். பிள்ளைகள் வரிசையாகத் தலைகுனிந்து வருவார்கள் என்று நினைத்தேன். எங்கே! சந்தைபோல வந்தார்கள். கூட்டம் கலைந்து வாசல் காலியான பிறகு கடைசியாக ஒரு சின்னப் பெண் வந்தாள். தலைத்துணி தோளில் கிடக்கிறது, ஒரு ஷூவின் நாடா தரையைக் கூட்டுகிறது. குர்ஆன் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதின் விரலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டி ஆட்டி மலையாளத்தில் ஏதோ பெரிய கதை சொல்கிறாள். அவர் ஹைதராபாத்காரர், ஒரு சொல் புரிந்திருக்காது. அவளுடைய பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "அச்சா! ஃபிர்?" என்று, அப்புறம் என்ன ஆச்சு என்பதுபோல், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வருகிறார். நான் துப்பட்டா நுனியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ராத்தா என்னைப் பார்க்காததுபோல் வேறு பக்கம் பார்த்தார்.

அடுத்த நாள் என் கணவர் டியூட்டியில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு ராத்தாவோடு இந்தியப் பள்ளி வாசலுக்குப் போனார். திரும்பி வந்தவர் நேராகச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிடும்போது தானாகவே தொடங்கினார். "பஸ்ஸெல்லாம் கெளம்பிருச்சு, ஒரு பஸ் மட்டும் நிக்குது. டிரைவர் யல்லா யல்லா, கெளம்பு கெளம்புன்னு கத்துறான். நெத்தி நெறையத் திருநீறு பூசின ஒரு சார் பஸ் கதவப் பிடிச்சுக்கிட்டு, 'ஒரு பையன் உள்ள தொழுதுக்கிட்டு இருக்கான்ப்பா, முடிச்சுட்டு வரட்டும், அவசரப்படுத்தாதே'ங்கறாரு. அந்தப் பையன் நிதானமா வந்து ஏறுனான். சார் அவன் தலையில தட்டிக் கொடுத்தாரு." அதற்குப் பிறகு மீன்முள்ளை ஒதுக்குவதுபோல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எங்கள் வீட்டில் பருப்புதான்.

இதன் விளைவு என்ன தெரியுமா? மறுநாளும் சண்டை. ஆனால் கட்சி மாறிப்போச்சு! "இஸ்லாமியப் பள்ளியிலேயே போடுவோங்க" என்று நான். "வேணாம், இந்தியப் பள்ளிதான். தமிழும் கெடைக்கும்" என்று அவர். முந்தைய வாரம் அவர் சொன்னதையெல்லாம் நான் அவருக்கே திருப்பிச் சொல்கிறேன். நான் சொன்னதை அவர் எனக்குச் சொல்கிறார். சத்தம் கேட்டு வந்த ராத்தா விஷயம் தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ்! போன வாரம் ரெண்டு பேரும் உங்களப் பத்திச் சண்டை போட்டீங்க. இப்பத்தான் புள்ளயப் பத்திப் போடுறீங்க."

முடிவு ஆஃப்ரினிடம் விடப்பட்டது. அவளையும் தூக்கிக்கொண்டு நாங்கள் எல்லோரும் இரண்டு வாசல்களுக்கும் போனோம். இந்தியப் பள்ளி வாசலில் ராத்தாவின் இடுப்பில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள். இஸ்லாமியப் பள்ளி வாசலில் மணி அடித்ததும் என் கையை உதறிவிட்டு, வெளியே வருகிற கூட்டத்துக்குள் எதிர்த்திசையில் ஓடினாளே பார்க்கணும்! பிடித்து இழுத்து வருவதற்குள் எங்களுக்கு வேர்த்துவிட்டது. "அல்லாஹ்வே காட்டிக்கொடுத்துட்டான்" என்றார் என் கணவர். கலாஸ், பேச்சு முடிந்தது, அங்கேயே சேர்த்தோம். கண்ட எல்லோரிடமும் அவர் இன்றுவரை இந்தக் கதையைச் சொல்லிவருகிறார்.

ஆனால் அன்று வீடு திரும்பும்போது டாக்ஸியில் நான் அழுதேன். உஸ்தாத் நல்லவர், பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், எல்லாம் சரி. தமிழ் போய்விட்டதே. முன் சீட்டிலிருந்து ராத்தா திரும்பிப் பார்த்தார். "எதுக்கு இப்ப ஒப்பாரி? ஸ்கூல் பாதி நாள்தான் வச்சுக்கும். மிச்சத்த நம்மகிட்டத்தானே திருப்பித் தருது? நீதான பேப்பர்ல எழுதுறவ, நீயே சொல்லிக்கொடு. என் ஹாலத் தர்றேன், சோறும் போடுறேன். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

இப்படித்தான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பின் அவர் வீட்டு ஹாலில் எங்கள் தமிழ் வகுப்பு தொடங்கியது. எந்தெந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாமோ வந்தன. அடுக்களைக் கதவில் ஒரு கரும்பலகையை மாட்டி, அன்றைக்கு என்ன சமையல் என்று என்னைத் தமிழில் எழுதச் சொல்வார். அதை வாசித்தால்தான் பாத்திரத்தின் மூடி திறக்கும். முதலில் வாசிக்கும் பிள்ளைக்கு வட்டலப்பத்தில் பெரிய துண்டு. "பெரியம்மா, ப்ளீஸ், ஐ ஆம் ஹங்க்ரி" என்று கெஞ்சினால், "பசிச்சா வாசி!" என்பார். முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து வேகும் வாசனை ஹாலில் நிறைந்திருக்க, என் எழுத்துப்பாடம் எந்தப் பிள்ளை காதில் ஏறும்? எல்லாம் கரும்பலகையையே முறைத்துக்கொண்டு நிற்கும். என் மகள் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் தமிழ்ச் சொல் அம்மாவும் அல்ல, உம்மாவும் அல்ல. வட்டலப்பம்தான்.

அவர் கணிப்பும் ஒரு தடவை சறுக்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அவரே கோபித்துக்கொள்வார். இரண்டாவது மகனுக்கு ஒரு பள்ளியைப் பார்த்துவிட்டு வந்து, "அப்படியொரு சந்தோஷமான பிள்ளைங்கள நான் பாத்ததே இல்ல" என்று சேர்த்தார். பையன் தினமும் அழுதுகொண்டு வந்தான். பாதி வருடத்தில் மாற்ற வேண்டியதாயிற்று. பிறகுதான் உண்மை புரிந்தது. அவர் வாசலில் நின்றுவிட்டு வந்த அன்று அல் ஐனில் மழை பெய்திருக்கிறது. "மழையில எந்த ஸ்கூலும் நல்ல ஸ்கூல்தான் புள்ள! இந்த ஊர்ல மழை பெஞ்சா ஜெயில்லகூடக் குதிச்சுக்கிட்டு வெளிய வருவான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதன்பின் யாரோடு போனாலும் முதலில் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொள்வார்.

இதையெல்லாம் எழுதி முடித்து நேற்று மேசையில் வைத்திருந்தேன். ஆஃப்ரின் எடுத்து வாசித்தாள். இப்போது அவளுக்குப் பதினொரு வயது. எங்களோடு பேசும்போது பாதி ஆங்கிலம்தான் வருகிறது. ஆனால் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, உதடு அசைய, ஒரு வரி விடாமல் வாசித்தாள். ராத்தா கடைசிப் பந்தியில் உட்கார்ந்த இடத்தில் அழுதாள். டை மாறிப்போன இடத்தில் சிரித்தாள். நான் அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறென்ன வேண்டும்? அப்புறம் நிமிர்ந்து, "உம்மா, ஒன் மிஸ்டேக் இருக்கு" என்றாள்.

"என்னடி?"

"நான் சும்மா ஓடல. உள்ள சுமையா ராத்தா நின்னு லாலிபாப் காட்டுனா. ரெட் கலர். அதுக்குத்தான் ஓடுனேன்."

சுமையா, நூர்ஜஹான் ராத்தாவின் கடைக்குட்டி. அப்போது அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவள். என் கணவர் கையிலிருந்த டீ கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டார். இத்தனை வருடமாக ஊரெல்லாம் அவர் சொல்லித் திரிந்த கதை அல்லவா! மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தோம், நிறுத்த முடியவில்லை. "ராத்தா வேலையா இருக்குமோ?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பு நின்ற இடத்தில் என் கணவர் அழுதார். டாக்ஸியில் நான் அழுவதற்கு முன்பே ஹாலும் சோறும் தயாராக இருந்தனவோ என்று எனக்கு இப்போது சந்தேகம். ஊருக்குப் போன் போட்டுச் சுமையாவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்கப் போவதில்லை. ராத்தாவிடம் கேட்டிருந்தால், "தின்னவ ஒழுங்காப் படிச்சாளா இல்லியா, அதச் சொல்லு" என்றிருப்பார். படித்தாள் ராத்தா. உங்களைப் பற்றித் தமிழில் எழுதியதைப் படித்துவிட்டு எனக்கே பிழை திருத்துகிறாள்.

எங்கள் மறுபக்கத்து வீட்டுக்குப் புதிதாக யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் குடிவந்திருக்கிறார்கள், கணவனும் மனைவியும். அவர்களுடைய மகனை எந்தப் பள்ளியில் விடுவது என்று இரவும் பகலும் வாக்குவாதம். சுவர் மெல்லிய சுவர்தான். இன்று காலை கதவைத் தட்டி, "ஸ்கூல் விடுற நேரத்துக்கு ரெண்டு பேரும் என்னோட வாசலுக்கு வாங்க" என்றேன். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரவோ அக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண். கட்டாயம் கூட்டி வரச் சொன்னேன். அண்ணாந்து பார்த்தேன், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. கீழே பகாலா மளிகைக் கடையில் சிவப்பு லாலிபாப் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.