சேறு கழுவிய கால்

நைரி ஓட்டுவது பள்ளிக்கூட பஸ். ஊர் வைத்த பெயர் கிவிப் பைத்தியம். மேற்குக் கரையின் அந்த மழைப் பள்ளத்தாக்கில் இருப்பது பெரிய புள்ளி கிவி என்கிற பறக்காத பறவை மட்டும்தான் என்று வனத்துறை சொல்லும். இல்லை, சின்னப் புள்ளி கிவி ஒன்றும் இருக்கிறது என்பாள் அவள். சின்னது எப்போதோ இங்கே அற்றுப்போய், தீவுகளில் மட்டும் மிச்சம் என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம்.

"நீங்க பார்த்தது பெரியதோட குஞ்சும்மா" என்று அதிகாரிகள் சிரித்து அனுப்பிவிடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. குஞ்சாக இருக்கையில் பெரியதும் பார்வைக்குச் சின்னது மாதிரிதான். கால்தான் வேறு. பெரியதற்குக் கறுத்த கால், சின்னதற்கு வெளுத்த கால். புதருக்குள் ஓடி ஒளிகிற பறவையின் காலை யார் கண்டார்கள்?

அன்று காலை தம்பி ஹேமி கோணிப்பையோடு சமையலறைக்குள் வந்தான். பன்றி வேட்டைக்காரன், வாய் ஓயாதவன். அன்று பையை மட்டும் அவிழ்த்துக் காட்டினான். பைக்குள் செத்த கிவி ஒன்று, கால் முழுக்கச் சேறு.

"நம்ம நாய்தான்க்கா. நான் ஓடிப்போறதுக்குள்ள..."

"கிவியைத் தொடாம பழக்கின நாய்னியேடா?"

"பழக்கினதுதான். வனத்துறைல பழக்கிட்டோம்னு சீட்டுகூட குடுத்தாங்க."

நைரி பறவையைத் தொட்டியில் கிடத்திக் குழாயைத் திறந்தாள். ஆயுள் முழுக்க வெளுத்த காலுக்காகச் சண்டை போட்டவள், கடவுளே, கறுப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பெரியது என்றால் மலையில் இன்னும் நிறைய இருக்கின்றன.

"பெரியதோட குஞ்சாத்தான்க்கா இருக்கும். உனக்குத்தான் எப்பவுமே தெரியாதே." இத்தனை வருஷம் கேலியாகச் சொன்னதை ஹேமி இன்று கெஞ்சலாகச் சொன்னான்.

"வாயை மூடுடா."

சேறு கரைந்து ஓடியது. உரித்த உருளைக்கிழங்கு நிறத்தில் கால் வெளியே வந்தது. அவள் விடாமல் தேய்த்தாள். அதற்கு மேல் கழுவ ஒன்றும் இல்லை.

"இதுக்கு ஜோடி இருக்கும்லக்கா?"

"ஆண் கூப்பிட்டா பொட்டை பதில் குரல் குடுக்கணும். ராத்திரியில கேட்டிருக்கேன், இது கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒருநாளும் பதில் வரலைடா."

ஹேமி அழுதான். அவளுக்கு அவனைத் திட்டவும் தெம்பில்லை. பட்டாணிப் பையை நகர்த்திவிட்டு, பறவையைத் துணியில் சுற்றி உறைபெட்டியில் வைத்தாள். வனத்துறைக்குப் போன் செய்ய வேண்டும். இந்தத் தடவை நம்புவார்கள்.