தொட்டிக்குள் கேட்ட பேஸ்

காதர்பேட்டையில் ஒரு பனியன் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று கிழவர்கள் கூடுவார்கள். ஒருவர் ஒருகாலத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். கடை இப்போது அவர் மகனுடையது. இன்னொருவர் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். மூன்றாமவர் திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, இங்கேயே வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்தபின்னும் பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளாதவர். இவர்கள் ஒரு வெளிநாட்டுப் பாட்டுக் குழுவுக்கு ரசிகர் மன்றம். அந்தக் குழுவின் பெயர் போன மாதம்வரை அவர்களுக்குத் தெரியாது. பெயர் தெரியாமல் மன்றம் நடத்த முடியுமா என்று கேட்கலாம். பதிவு செய்யாத சங்கத்துக்குப் பெயர் கட்டாயமில்லை. தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்தில் தலை நரைத்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

நான்காவது உறுப்பினர் என் மாமா, அம்மாவின் தம்பி. சென்ற ஆண்டு காலமானார். அவருடைய அலமாரியில் கிடைத்த கேசட்டை நான்தான் மன்றத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மைக் செட்காரரின் பேரன் எங்கிருந்தோ ஒரு பழைய டேப் ரெக்கார்டரைத் தேடிப்பிடித்து அதை ஓடவிட்டான். கைபேசியைப் பக்கத்தில் நீட்டினான். பாட்டைக் கேட்டு அது குழுவின் பெயரைச் சொல்லிவிட்டது.

"இது பங்க் ராக்குங்க தாத்தா. அந்தக் காலத்துல பெரிய செட்டு" என்றவன், அசல் பதிவைத் தேடியெடுத்துப் புது ஸ்பீக்கரில் போட்டான். மூவரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். முடிந்தது.

"இது நம்ம பாட்டில்லீங்க" என்றார் மைக் செட்காரர்.

"பாட்டெல்லாம் இதான்வே. பேஸத்தான் காணோம்" என்றார் தெற்கத்திக்காரர்.

கட்டிங் மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "நம்ம பேஸ்ல சிமெண்டு இருந்துச்சுங்க. இதுல இல்லீங்க."

பேரன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்தச் சிமெண்டு எனக்குத் தெரியும்.

அப்போது எனக்குப் பத்து வயது. மங்கலம் சாலையில் எங்கள் வீடும் அப்பாவின் சலவைப் பட்டறையும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நின்றன. அது விதிப்படி கூடாது. பின்னாளில் அப்படி நின்ற எத்தனையோ பட்டறைகளுக்கு நானே நோட்டீஸ் தயாரித்திருக்கிறேன். துணி வெளுப்பதற்குப் பாதி மண்ணில் புதைந்த சிமெண்டுத் தொட்டிகள் இருந்தன. வீட்டுச் சுவரை ஒட்டியிருந்ததுதான் பெரியது. அது ஒரு பழைய கிணற்றை மூடி, அதன்மேல் கட்டியது. கிணற்றை மூடினால் அது மூச்சுவிட ஒரு குழாய் செருகிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா வைக்கவில்லை. "மூடுன கெணத்துக்கு மூக்கெதுக்கு?" என்று கேட்டாராம்.

சுவருக்கு இந்தப் பக்கம் அத்தையின் அறை. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது இரண்டும் போய்விட்டன. கேட்காததால் பேச்சும் தேய்ந்து நின்றுவிட்டது. பனியன்களை மடித்து அடுக்குவது அவள் வேலை. அவளைப் பற்றிய எல்லாவற்றையும் அவள் முன்னாலேயே பேசி முடிவெடுப்பார்கள். வீட்டாருக்கு அது ஒரு வசதி.

மாமா எங்களோடு தங்கிப் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதிரித் துணி பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் போகும்போது அவர் கையில் ஒரு கேசட்டைத் திணித்துவிட்டுப் போனார். அதன்மேல் இருந்த எழுத்து பட்டறை ஈரத்தில் ஒரே வாரத்தில் கரைந்துபோயிற்று. உள்ளே நாலு பேர் கொதிநீரில் கால் வைத்ததுபோலக் கத்தினார்கள். முதல்முறை கேட்டபோது அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "யாருக்கோ அடிபட்டுப்போச்சாட்ட இருக்குது, போய்ப் பாருங்க" என்றாள். ஆனால் அந்தக் கத்தலுக்கு அடியில், அதோடு சம்பந்தமே இல்லாமல், கனத்த கால்களோடு ஒருவன் நடந்துகொண்டே இருந்தான். அப்படித்தான் எனக்குக் கேட்டது. அதற்குப் பேஸ் என்று பெயர் என்று மைக் செட்காரர் விளக்கினார்.

அவரிடமிருந்தே மாமா ஒரு பெரிய ஸ்பீக்கரை வாங்கிவந்து, வெறுமையாக இருந்த பெரிய தொட்டிக்குள் இறக்கி, வீட்டுச் சுவரைப் பார்த்தாற்போல் சாய்த்து வைத்தார். மற்ற தொட்டிகளும் அன்று வெறுமையாகத்தான் இருந்தன. ஏன் அந்தத் தொட்டி என்று யாரும் கேட்கவில்லை. கத்தல் மேலே போய்விட்டது. நடை மட்டும் தொட்டிக்குள் தங்கியது.

ஞாயிறு மதியம் பட்டறை ஓடாது. தெருவே செத்ததுபோல் இருக்கும். நால்வரும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டுக்கொள்வார்கள். நானும் ஓரமாக ஏறிக்கொள்வேன். தொட்டியின் அடியில் எஞ்சிய தண்ணீரில், யாரும் தொடாமலே வட்டம் வட்டமாக எழும். மூலையில் சிலந்தி வலை அதிரும். வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் தானாகக் கடகடவென்று பேசும். பிளீச்சிங் பவுடர் நெடியில் கண் கரிக்கும். எல்லாரும் அழுவதுபோல் இருப்போம்.

ஒரு ஞாயிறு, பாட்டு முடிந்தது. மாமா பொத்தானை அழுத்தி டேப்பை நிறுத்தினார். அதற்கப்புறம் தொட்டிக்குள்ளிருந்து வந்தது: டும். டும் டும்.

"டேப்பு ஓடுதுங்களா?" என்றார் கட்டிங் மாஸ்டர்.

மாமா கேசட்டை வெளியே எடுத்துக் கையில் பிடித்துக் காட்டினார். மறுபடியும்: டும். டும் டும். தண்ணீரில் வட்டம் எழுந்தது.

"எவம்லே உள்ள?" என்று தெற்கத்திக்காரர் காலை மேலே இழுத்துக்கொண்டார். மற்றவர்களும் இழுத்துக்கொண்டார்கள். மாமா மட்டும் இழுக்கவில்லை. தொங்கிய அவர் கால் ஒருமுறை ஆடி, குதிகால் சுவரில் இடித்தது. மாமாவுக்கே கால் நடுங்குகிறது என்று பார்த்ததும் நான் விளிம்பிலிருந்து இறங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறும் வந்தது. அதற்கடுத்ததும். ஒவ்வொரு தடவையும் பாட்டு நின்ற பிறகு டும், டும் டும். ஒவ்வொரு தடவையும் மாமாவின் கால் ஒருமுறை நடுங்கும். மன்றம் கலையவில்லை. பாட்டுக்கு வந்தவர்களைவிடப் பயத்துக்கு வந்தவர்கள் அதிகமானார்கள். தெருவுக்குக் கிணறு ஞாபகம் வந்தது. குழாய் வைக்காததும் ஞாபகம் வந்தது.

பேய்க்கும் ஒரு நடைமுறை உண்டு. முதலில் எலக்ட்ரீஷியன், அவர் ஒயரைத் தடவிப் பார்த்து எர்த் சரியில்லை என்றார். பிறகு குடும்பத் தலைவர். அப்பா தொட்டிக்குள் இறங்கி நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு ஏறிவந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். கடைசியாகத்தான் பூசாரி. இந்த வரிசையில் விட்டுப்போன ஆள் ஒருத்திதான். சுவருக்கு மறுபக்கம் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த அத்தையிடம் யாரும் ஒரு சைகைகூடக் காட்டிக் கேட்கவில்லை. காது கேட்காதவளிடம் சத்தத்தைப் பற்றி என்ன விசாரணை?

முனியப்பன் கோயில் பூசாரி பட்டறையைச் சுற்றிவந்து, அத்தையின் அறை வாசலில் நின்றார். உள்ளே அத்தை பனியனை மடித்தபடி சுவரைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

"கெணறு மூச்சு முட்டிக் கெடக்குதுங்க. மூச்சு உட ஒரு ஆளத் தேடுது. இந்தப் புள்ளையப் புடிச்சுப் போட்டுது" என்றார்.

பரிகாரம் ஒரு கெடா. அப்புறம் அத்தையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கோயிலில் கொண்டுபோய் விட வேண்டும். அங்கே அப்படிப்பட்டவர்களைத் தூணில் கட்டிவைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெருவில் எல்லாருக்கும் தெரியும். எத்தனை நாளைக்கு என்று அப்பா கேட்டார். "அது போறேன்னு சொல்லோணுமுங்க" என்றார் பூசாரி.

அம்மா மூக்கைச் சிந்தியபடி அத்தையின் சேலைகளை ஒரு மஞ்சள் பையில் வைத்தாள். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக எழுந்துவந்து ஒவ்வொரு சேலையாக வெளியே எடுத்து, பனியனை மடிப்பதுபோல மடித்து, மறுபடி கொடியில் போட்டாள். அம்மா மறுபடி எடுத்து வைத்தாள். அத்தை மறுபடி எடுத்தாள்.

பூசை நாளில் கெடா குழாயடியில் நின்று மாலையைத் தின்றுகொண்டிருந்தது. தன் காதால் கேட்டபிறகுதான் வெட்டு என்று பூசாரி சொல்லிவிட்டதால், மாமா டேப்பைப் போட்டார். அத்தை வெளியே வராமல் பார்த்துக்கொள்ள என்னை அறைக்குள் அனுப்பினார்கள். "அத்தையக் கெட்டியாப் புடிச்சுக்கோ கண்ணு, உட்றாத" என்று அம்மா கதவைச் சாத்தினாள்.

நான் அவளைப் பிடிக்கவில்லை. அவள்தான் என்னைப் பிடித்தாள். என் கையை இழுத்து உள்ளங்கையைச் சுவரில் அழுத்தினாள். சுவர் உயிரோடு இருந்தது. போர்வைக்கு அடியில் பூனை நடப்பதுபோல, சுண்ணாம்புக்கு அடியில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. என் கைவழியே ஏறிப் பல்வரை வந்தது. அத்தை கண்ணை மூடியிருந்தாள். அவள் தாடை அந்த நடைக்கு ஏற்ப மெல்ல அசைந்தது.

சுவர் நின்றது. பாட்டு முடிந்துவிட்டது. அத்தை கண்ணைத் திறந்து, கை முட்டியை மடக்கி, சுவரில் ஓங்கிக் குத்தினாள். டும். டும் டும்.

வெளியே யாரோ அலறினார்கள். ஏதோ உருண்டது. கெடா கத்தியது. அத்தைக்கு இதெல்லாம் இல்லை. உள்ளங்கையை மறுபடி சுவரில் வைத்துக் காத்திருந்தாள். பிறகு சிரித்தாள்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். "அத்தைதானுங்க தட்டுச்சு! நான் பார்த்தனுங்க!"

அதோடு முடிந்திருக்க வேண்டும். அப்பா நெற்றியைத் துடைத்தார். யாரோ சிரிக்கவும் ஆரம்பித்தார்கள். பூசாரி மட்டும் அசையவில்லை.

"காது கேக்காத புள்ளைங்க அது. பாட்டு ஓடுறதும் நிக்கறதும் அதுக்கெப்புடித் தெரிஞ்சுது? அது கேக்குலீன்னா, அதுக்குள்ள இருந்து கேக்கறது யாருங்க?"

சிரிப்பு நின்றது. அறை வாசலில் அத்தை வந்து நின்று, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு நிமிடம் முன்பு பிடித்திருந்த கை அது. ஆனாலும் நான் அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா மஞ்சள் பையைக் கொண்டுவரச் சொல்லி அம்மாவுக்குக் கண் காட்டினார்.

மாமா தொட்டி விளிம்பிலிருந்து குதித்து வந்தார். "அவளுக்குக் கேக்குலீங்க மச்சான். கையில படுதுங்க. செவுத்துல கைய வெச்சுப் பாருங்க, உங்களுக்கே தெரியும்."

டேப் மறுபடி ஓடியது. அப்பா அத்தையின் அறைக்குள் போய்ச் சுவரில் கையை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். எடுத்ததும், ஈரம் பட்டதுபோல வேட்டியில் துடைத்துக்கொண்டார். வெளியே வந்தார். ரசீது இல்லாத எதையும் நம்பாத மனிதர். கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார்.

"அது சரி மாப்ள. அவ செவுத்துல கைய வெக்கிறது உனக்கெப்புடித் தெரியும்?"

மாமா கெடாவைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அவர் காது சிவந்து போயிற்று. இவ்வளவு சுலபமான கேள்விக்கு மாமா ஏன் திணறுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாதான் முதலில் சிரித்தாள். அழுதுகொண்டிருந்ததால் அது சிரிப்பு என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அட கெரகமே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, மஞ்சள் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

தை மாதம் முருகன் கோயிலில் மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணம். வாங்கிய கெடாவைத் திருப்பித் தரும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லாததால், அது கறிவிருந்து வரைக்கும் தின்று கொழுத்தது. கல்யாணமும் தன் பரிகாரத்தில் அடங்கும் என்று பூசாரி சொல்லிக்கொண்டார். அப்பா ஒருநாள் யாரும் பார்க்காதபோது தொட்டி ஓரத்தைத் துளைத்து ஒரு குழாயைச் செருகினார். கேட்டதற்கு, "எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

பெயர் தெரிந்தபின் மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இந்தப் பாட்டைக் கேட்கச் சரியான இடம் அந்தத் தொட்டிதான். சென்ற ஞாயிறு புது ஸ்பீக்கரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். பட்டறை ஓடி வெகுகாலமாகிறது. தொட்டியில் வேப்பஞ்சருகு. துருப்பிடித்த குழாய் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அத்தை அதே வீட்டில், அதே அறையில்தான் இருக்கிறாள். மாமா போனபிறகு யார் கூப்பிட்டும் அதைவிட்டு வரவில்லை.

மூவருக்கும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. விளிம்பில் ஏற முடியாமல், வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். பேரன் ஸ்பீக்கரை இறக்கிவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். நான் அத்தையோடு அறைக்குள் இருந்தேன்.

சுவர் நடந்தது. அத்தை கண்ணை மூடி உள்ளங்கையை வைத்திருந்தாள். வெளியே கட்டிங் மாஸ்டர், "இதுதானுங்க! இதுதானுங்க!" என்று கத்துவது கேட்டது. பாட்டு முடிந்தது. அத்தை முட்டியை மடக்கிக் குத்தினாள். கையில் பழைய பலம் இல்லை. டும். டும் டும். பிறகு உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்துக் காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை சிரித்தாள். பழைய சிரிப்பேதான்.

வெளியே வந்ததும் விசாரித்தேன்; வேலைப் பழக்கம் விடுவதில்லை. யாரும் நாற்காலியைவிட்டு எழவில்லை. பாட்டு முடிந்ததுமே பேரன் ஒயரைப் பிடுங்கிவிட்டான். தொட்டியருகே ஒரு காக்கைகூட இல்லை.

ஆய்வுக்குப் போன இடத்தில் கண்டதை மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. என் கையும் அந்தச் சுவரில்தான் இருந்தது. மறுபக்கத்திலிருந்து ஒரே ஒரு தட்டு. மெல்ல, குதிகாலால் இடித்ததுபோல. பயத்தில் நடுங்கும் கால், மாமாவுடையதுபோல ஒரே ஒருமுறை நடுங்கி நிற்காது என்பது பத்து வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.