காகிதத்தில் மடித்த உப்பு

அப்பாவுக்கு பிரஷர் என்று தெரிந்த அன்றைக்கே எங்கள் வீட்டு உப்பு ஜாடி பரணுக்குப் போய்விட்டது. பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடையை இறக்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாத்திரையை அவருக்கு எழுதிவிட்டு, பேச்சை அம்மாவிடம் வைத்துக்கொண்டார். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். குழம்பில் உப்பைப் பாதியாக்க வேண்டும். வீட்டில் எல்லோருமே அப்படிச் சாப்பிடுவது நல்லது. இல்லாவிட்டால் பக்கவாதம் வரலாம். அம்மாவுக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். பாதி என்றதை அவள் கால் ஆக்கினாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, முழுப் பரீட்சை லீவு. தோட்டத்துக்கு அப்பாவின் மதியச் சாப்பாட்டைத் தூக்கிப் போவது என் வேலை. முதல் நாள் களியைக் கீரைக் கடைசலில் தொட்டு வாயில் வைத்தவரின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கஷாயம் குடிப்பவர் மாதிரி விழுங்கினார். வெயிலில் வேகிற மனுஷனுக்கு ஒரு கல் உப்புக்கு வழியில்லையா என்று அம்மா மீதும் டாக்டரம்மா மீதும் எனக்கு ஒரே கோபம்.

பரணில் ஏறுவது எனக்குப் பெரிய காரியமில்லை. மறுநாளிலிருந்து கணக்கு நோட்டுத் தாளில் உப்பைப் பொடித்து மடித்து எடுத்துப்போய், வாய்க்கால் ஓரம் தூக்குச் சட்டியைத் திறந்து கீரையில் கலந்துவிட்டுத்தான் கொடுத்தேன். கூலியாக ஒரு சிட்டிகை என் நாக்குக்கும் போனது.

"உங்கம்மாளுக்குக் கை பழகிடுச்சு கண்ணு. உப்பில்லாமயே நல்லா ஆக்கறா" என்பார் அப்பா. எனக்குப் பெருமை தாங்காது.

ஒரு மாதம் கழித்து மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா இரண்டு முறை அளந்தார். பிரஷர் கொஞ்சமும் குறையவில்லை. மாத்திரை விடாமல் போட்டாரா என்று கேட்டார், போட்டிருந்தார். உடனே அம்மா பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, சொன்னது எதையும் செய்யலியா? இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"உப்பக் கண்ணுலயே காட்டறதில்லீங்க டாக்டரம்மா. புள்ளகூட சோறு எறங்காம கெடக்குதுங்க."

டாக்டரம்மா நம்பியதாகத் தெரியவில்லை. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்தேன். அப்பா தன் செருப்பைப் பார்த்தார்.

அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவேயில்லை. அப்பாவுக்குக் கைகால் விழுந்தால் அது என்னால்தான். மறுநாள் வெறும் தூக்கோடு போனேன். ஒரு வாய் வைத்தவர் மெல்லாமல் என்னைப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார்.

"பொட்டணம் எங்க கண்ணு?"

"கொண்டாரலப்பா. டாக்டரம்மா வேண்டாங்கறாங்க."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மடக்கிக்கொண்டு, தூக்கில் இருந்த அத்தனையையும் சாப்பிட்டு முடித்தார். "இத உங்கம்மாகிட்ட சொல்லிக்காத" என்றார்.

அடுத்த மாதம் பிரஷர் இறங்கியது. "இப்பத்தான் நான் சொன்னதக் கேட்டிருக்கீங்க" என்று டாக்டரம்மா பாராட்ட, அம்மா ஒன்றும் புரியாமல் சிரித்தாள்.

அப்பா என்னை அம்மாவின் அடியிலிருந்து காப்பாற்றினார் என்றுதான் நெடுநாள் நன்றியோடு இருந்தேன். தன்னையும் சேர்த்தே காப்பாற்றிக்கொண்டார் என்று தெரிய, கல்யாணமாகி எனக்கென்று ஒரு அடுப்படி வர வேண்டியிருந்தது. உப்பைக் கலந்ததுதான் தப்பு, அதை நிறுத்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்த வயதில் நினைத்திருந்தேன். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டபோது பக்கத்திலேயே இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு நின்றோமே, அதுவும் ஒரு தப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.